நல்ல வாட்ச் அமையட்டும்

"இதுவும் சரிப்படாதாம், தம்பி."

கேஷியர் வாட்ச் டப்பாவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விற்பனையாளர் முகம் சுளிக்கவில்லை. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"இப்ப என்ன சார் குறை?"

"வெயில்ல நம்பர் தெரியலையாம். இதுக்கு முன்னாடி கொண்டுபோனதுக்கு வார் உறுத்துதுன்னா வீட்டுக்காரி. அதுக்கும் முன்னாடி ஒண்ணு, சார்ஜ் நிக்கலைன்னா. ரெண்டு மாசமா தினமும் இதே அலைச்சல். என் கைக்கு வாட்ச் வாங்குறேனா, அவ கைக்கு வாங்குறேனான்னே புரியல."

"மேடம் சொல்றதும் நியாயம்தானே சார்? நடக்கிற தூரமும் தெரியணும், இதயத்துடிப்பும் தெரியணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாதுன்னா, நாலு பார்த்துத்தான் எடுக்கணும்."

"நீங்க நாலு பார்க்கிறதுக்குள்ள ஊசி வந்து கையைக் கடிச்சிடும்பா!"

அவர் பயம் அவருக்கு. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, தினமும் நடந்தே ஆகணும், இல்லாவிட்டால் அடுத்த தடவை இன்சுலின் ஊசிதான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். வங்கிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே பழகிய மனிதருக்கு ஊசி என்றால் பாதி உயிர் போய்விடும். நடை என்றால் மீதி உயிர்.

முதலில் நல்ல ஷூ வரட்டும் என்றார். வந்தது. வாட்ச் இல்லாமல் எவ்வளவு நடந்தோம் என்று எப்படித் தெரியும் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவர் மனைவியோ சண்டையே போடவில்லை. "சரிங்க, நல்ல வாட்ச்சா ஒண்ணு அமையட்டும், அப்புறமே நடங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு கேஷியருக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

"வேற ஒண்ணு குடுப்பா. நாளைக்கு ரத்தப் பரிசோதனை. இன்னும் ஒரு நாள்கூட நடந்தபாடில்லை."

"இதைக் கொண்டுபோங்க சார். எந்த வெயில்லயும் பளிச்சுனு தெரியும். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"இதுக்கு என்ன சொல்லப்போறாளோ!"

டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒர்க் ஷாப்பில் கிடக்கும் ஸ்கூட்டரைத் திட்டிக்கொண்டே ஊரின் அடுத்த கோடியிலிருந்த வீட்டுக்குக் கிளம்பினார். வீட்டில் அந்த வாட்ச்சின் நிறம் பிடிக்கவில்லை.

மறுநாள் மாலை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கேஷியரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லிடுறேன், டாக்டர். ஒரு நாள்கூட நடக்கல. வாட்ச் அமையல. திட்டுறதுன்னா திட்டிடுங்க, ஊசி மட்டும் வேணாம்."

"ஊசி எதுக்கு? சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. எடையும் குறைஞ்சிருக்கே!"

கேஷியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"கேட்டியா? ஓர் அடி எடுத்து வைக்காமலே குறைஞ்சிடுச்சு! நம்ம உடம்புவாகு அப்படி. இந்த நடை, ஓட்டமெல்லாம் வேலையத்தவங்க பண்றது."

"ஆமாங்க" என்றார் மனைவி, மிகவும் அடக்கமாக.

"இனி எனக்கு எந்த வாட்ச்சும் வேணாம். நாளைக்கே போய்ப் பணத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுறேன். ஆளை விடுங்கப்பா!"

பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி அவர் வெளியே போனார். மனைவிக்குத்தான் பகீரென்றது. கதவு சாத்திக்கொண்டதும் அவசர அவசரமாகப் போனை எடுத்தார்.

"தம்பி, வாட்ச் கடைதானே? நான் சொன்ன குறைக்கெல்லாம் சலிக்காம மாத்தி மாத்திக் குடுத்தீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவருக்கு சர்க்கரை இறங்கிடுச்சு. நாளைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வருவார், குடுத்துடாதீங்க. 'முதலாளி வெளியூர் போயிருக்கார், நாளைக்கு வாங்க'ன்னு தினமும் சொல்லி அனுப்புங்க, நடையா நடக்கட்டும்!"