நிருபனின் வயது

வயது என்ற இடத்தில் அவளுடைய பேனை நின்றுவிட்டது.

மேசையைச் சுற்றி மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.

நாடகத்தின் பெயர் 'வாய்க்காலடி வீடு'. கிளிநொச்சியில் ஒரு சிறிய வானொலியில், சனிக்கிழமை பின்னேரங்களில் போகிறது. நால்வர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம் பொறுப்பு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள். வயது, நடை, கோபம் வந்தால் என்ன செய்வார், எதைத் தொடமாட்டார்.

தாள் வைக்கச் சொன்னவர் தயாபரன் மாஸ்ரர். நாடகத்தில் மீன் வாசமே ஆகாத மாமி, முப்பத்தோராம் வாரத்தில் சூடைமீன் பொரியலை ரசித்துச் சாப்பிட்டுவிட்டாள். நேயர்கள் விடவில்லை. மாமியை எழுதுகிற நவமணி இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எல்லாருடைய தாளிலும் வெட்டும் திருத்தமும்தான்.

அவளுடைய தாளில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

நிருபன். வயது 19. பாண் தின்னும்போது கரையைப் பிய்த்து வைத்துவிடுவான். கோபம் வந்தால் பேசமாட்டான். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினைக் கழற்றுவான். தவளைக்குப் பயம். இடது புருவத்தில் தழும்பு.

"எப்பிடியக்கா யோசிக்காமலே எழுதுறியள்?" என்று முதல் நாளே கேட்டாள் பிரமிளா. குழுவில் அவள்தான் இளையவள்.

நிருபனை எழுதுகிறவள் சிரித்துச் சமாளித்தாள்.

இப்படித் தாள் நிரப்புவது அவளுக்குப் புதிதல்ல. பதினொரு தடவை நிரப்பியிருக்கிறாள். அரசாங்கக் கந்தோர்களில். விசாரிக்க வந்தவர்களின் மேசைகளில். ஒருமுறை, மரத்தடியில், முழங்காலில் வைத்து.

பெயர். உயரம். அடையாளத் தழும்பு. கடைசியாகக் கண்ட இடம்.

காணாமற்போன அன்று வயது.

தம்பியின் பெயரை மட்டும்தான் மாற்றினாள்.

குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இரங்குவார்கள். இரங்கினால் நிருபனைத் தொடப் பயப்படுவார்கள். அவனோடு நாலு பேர் சண்டை பிடிக்கவேண்டும். அவனைப் பகிடி பண்ணவேண்டும். கடைக்குப் போகச் சொல்லி ஏவவேண்டும். அதற்காகத்தான் அவனை இங்கே கூட்டிவந்தாள்.

இன்று ஒரு தபாலட்டை வந்திருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியிருந்தது.

'நிருபன் அண்ணாவுக்கு இன்னும் சோதனை மறுமொழி வரவில்லையா?'

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்.

பிறகு மாஸ்ரர் கொப்பியைப் புரட்டினார். முதல் வாரத்தில் பிறந்த குழந்தை முன்பள்ளிக்குப் போகிறது. மாமிக்கு மூட்டுவலி வந்துவிட்டது. நாலு வருடம் ஓடியிருக்கிறது. நிருபன் மட்டும் சோதனை எழுதிய அந்த மாதத்திலேயே இருக்கிறான்.

"இருபத்திமூண்டு எண்டு போடு, பிள்ளை."

பேனை அசையவில்லை.

அவர்களுக்கு நாலு வருடம். அவளுக்குப் பதினாறு.

"வாகனம் திருத்திற கராச்சிலை வேலை பழகட்டும்," என்றாள் நவமணி.

"தாடி விட்டிருப்பான்," என்றாள் பிரமிளா. "குரலும் தடிச்சிருக்கும். என்னக்கா? இப்பவும் தவளைக்குப் பயமோ?"

அவள் வாயைத் திறந்தாள்.

தம்பிக்கு எந்தப் பல் முதலில் விழுந்தது என்று கேட்டால் சொல்லுவாள். எந்த ஆசிரியர் அடித்தார், எந்தப் பாட்டுக்கு வரி தெரியாமல் முனகுவான், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவான். எல்லாம் சொல்லுவாள்.

"தெரியாது."

நாலு வருடத்தில் அந்த மேசையில் அவள் சொன்ன முதல் 'தெரியாது'.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். அவளையே பார்த்தார்.

அவள் தாளைப் பிரமிளாவின் பக்கம் தள்ளினாள்.

"இனி நீ எழுது."

"நானோ? அக்கா, அவன் உங்கடை ஆளெல்லோ."

"எனக்கு அவனை இதுக்கு மேலை தெரியாது."

பிரமிளா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு 19இன் மேல் ஒரு கோடு இழுத்தாள். சின்னக் கோடு.

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனை தாளில் உரசியது கேட்டது.

சனிக்கிழமை, நாலரை மணி.

அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வானொலி. நாலு வருடமாக ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. மாமியைத் திட்டுவாள். மருமகளுக்குப் புத்தி சொல்லுவாள்.

நிருபனைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. மகளும் கேட்டதில்லை.

அன்று நிருபன் மூன்று நிமிடம் வந்தான். கதையில் விடியற்காலை. போட்டுக்கொண்டு போகச் சேட்டைக் காணவில்லை என்று தேடினான். நாடகத்துத் தமக்கை உள்ளேயிருந்து கத்தினாள். அவன் ஏதோ பதில் சொன்னான், தடித்த குரலில். சைக்கிள் மணி அடித்தது. போய்விட்டான்.

யாரோ ஒருவன் மாதிரி இருந்தது மகளுக்கு. முகம் வரவில்லை.

அம்மாவின் கை இலைக்குள் நின்றது.

"உவன் காலமை ஒண்டும் சாப்பிடாமலே வேலைக்குப் போறான்?"



"சாப்பிட்டிட்டுத்தான் போறானம்மா."

"என்ன சாப்பிட்டவன்?"

பிரமிளா அதை எழுதியிருக்கவில்லை. யாரும் எழுதியிருக்கவில்லை.

"புட்டு," என்றாள். "முட்டைப் பொரியலோடை."

அம்மா தலையை ஆட்டினாள். ஒரு காம்பை உருவினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"வேலை முடிஞ்சால் வெள்ளன வரச் சொல்லு."

"சொல்லுறனம்மா," என்றாள்.