மோரீனின் வட்டம்

முதல் அடியிலேயே அசேலவின் முதுகில் தோல் கிழிந்தது.

அப்படி அடிக்கக் கூடாது. எங்கள் சடங்கில் சாட்டை சும்மா பேருக்குத்தான். முடிச்சுப் போட்ட கயிறு. சின்னப் பிள்ளையின் உடுப்பில் தூசி தட்டுகிற மாதிரி மெல்லத் தட்டிவிட வேண்டும். பழைய ஆள் போய்ப் புது ஆள் எழும்புவதற்கு அது காணும்.

இரண்டாவதையும் ஓங்கித்தான் போட்டேன்.

மெல்பேர்னின் ஓரத்தில், த பேசின் என்கிற மலையடி ஊரில் மோரீன் வீட்டுப் பின்வளவு. மே மாதத்துப் பின்னேரம், விறைக்கிற குளிர். யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே வெள்ளைக்காரச் சனம் வட்டமாய் நிற்கிறது. நடுவில் அசேல. சட்டையைக் கழற்றி, கண்ணைக் கட்டி, கைகளைப் பின்னால் கட்டி, முழங்காலில் விட்டிருந்தார்கள்.

விக்கா என்பது இவர்களுடைய சமயம். நிலவையும் மரத்தையும் கும்பிடுவார்கள். தங்களைச் சூனியக்காரர் என்று தாங்களே பெருமையாய்ச் சொல்லுவார்கள். விசர்க் கூட்டம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இப்போதும் வரும் வழியில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது ஸ்டீரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள்தான் நான்.

ஆனால் மெல்பேர்னுக்கு வந்த இத்தனை வருஷத்தில், நீ எங்கட பிள்ளை என்று என்னைக் கட்டிப்பிடித்த இடம் இது ஒன்றுதான். கறுத்த இரத்தத்துக்கு எங்கள் தெய்வம் இறங்காது என்று ஒருத்தன் சொன்னபோது, மோரீன் அவனை அன்றைக்கே கேற்றுக்கு வெளியே விட்டாள்.

அதே மோரீன்தான் அசேல சேரக் கேட்டதும் கையைத் தட்டிச் சந்தோஷப்பட்டாள்.

“உங்கட நாட்டு ஆள், சிவாஜினி. நீதான் அவனை உள்ளுக்கு எடுக்க வேணும்.”

எங்கட நாட்டு ஆளாம். அவன் சிங்களவன், நான் தமிழ் என்று இவளுக்கு யார் விளங்கப்படுத்துவது? நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் அடுத்த நிமிஷமே நான் திரும்பவும் அகதி. தோளைத் தடவி, தேத்தண்ணி தந்து, சுற்றி இருந்து கதை கேட்பார்கள். எனக்கு அந்தக் கோதாரி வேண்டாம்.

ஆண் சேர்ந்தால் பெண்தான் உள்ளே எடுக்க வேண்டும், அது முறை. அசேல நகரத்தின் மற்றப் பக்கத்தில், டார்னெய்டில் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். மாதக்கணக்காய் வந்து ஒரு ஓரமாய் நிற்பான். என்னைக் கண்டால் கண்ணைத் தாழ்த்துவான். சரி, செய்து விடுவோம் என்றுதான் வந்தேன். சத்தியமாய் வேறு எண்ணம் இருக்கவில்லை.

அவனை அப்படிக் கட்டி முழங்காலில் விட்டார்களே, அதில்தான் எல்லாம் பிழைத்தது.

என் தம்பி சுஜீதனை நான் கடைசியாய்ப் பார்த்தது, சண்டை முடிகிற நேரம் ஆமிக்காரர் எடுத்து, பிறகு யாரோ அனுப்பிய ஒரு போன் படத்தில். கண் கட்டி, கை பின்னால் கட்டி, மண்ணில் முழங்காலில் இருந்தான். அடுத்த படத்தில் குப்புறக் கிடந்தான்.

அடித்தேன். கழுத்தில் பட்டது, காதில் பட்டது. காது பிய்ந்து தோளில் இரத்தம் கொட்டியது. கயிறு நனைந்து பாரமானது. பாரமானது எனக்கு வசதியாய்ப் போனது. சாகடா, செத்துப் போடா நாயே என்று தமிழில்தான் கத்தினேன். அவன் முன்பக்கம் சரிந்தான். தலைமயிரைப் பிடித்து நிமிர்த்திவிட்டு அடித்தேன்.

வட்டத்தில் ஒருத்தரும் தடுக்கவில்லை. காளி வந்துவிட்டாள் என்று யாரோ குசுகுசுத்தார்கள். மோரீன் அழுதாள், ஆனந்தக் கண்ணீர். கறுத்த பெண்ணுக்குக் கோபம் வந்தால் இவர்களுக்குக் காளியைத்தான் தெரியும். பகிடியைப் பாருங்கள்.

அவன் ஒரு சத்தமும் போடவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

கடைசியில் கை ஓய்ந்தது. மூச்சு இரைக்க நின்றேன். மோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததைச் செய் என்று தலையாட்டினாள்.

அடுத்தது பாதம். அடித்தவள் குனிந்து, உள்ளே வருகிறவனின் இரண்டு பாதங்களையும் உதடு பதித்துக் கொஞ்ச வேண்டும். அது இல்லாமல் அவன் சேர்ந்ததாய் ஆகாது. ஒரு சிங்களவன் காலை நான் கொஞ்சுவதா? சாட்டையை எறிந்துவிட்டுக் காருக்குப் போயிருக்கலாம். போனால் இந்த வளவு எனக்கும் முடிந்தது. கட்டிப்பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

இரண்டு பேர் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். கண்கட்டு அப்படியே இருந்தது. நான் குனிந்து, குளிருக்கென்று அவன் போட்டிருந்த தடித்த சொக்ஸை இழுத்தேன்.

கையில் பட்டது சதை இல்லை. களிசானை உயர்த்திப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே முழுக்கப் பிளாஸ்டிக்.

“அது கால் இல்லை, அக்கா,” என்றான் அசேல. தமிழ்தான், சிங்களம் ஒட்டின தமிழ். “அதை முகமாலையில விட்டுட்டு வந்தது. மற்றக் காலுக்கு மட்டும் செய்யுங்க.”

முகமாலை. சண்டைக் காலத்தில் சிங்கள ஆமியும் எங்கட புலி இயக்கமும் வருஷக்கணக்காய் எதிரெதிரே பங்கர் வெட்டி நின்ற இடம்.

சுஜீதனும் அங்கேதான் நின்றவன். இயக்கத்தில் அவனுக்கு மிதிவெடி புதைக்கிற வேலை. லீவில் வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே, தான் வைத்த ஒன்றும் வீண்போனதில்லை என்பான். அம்மா அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைப்பா.

நான் வாசகத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து, மோரீன் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உன்னை இந்த வழியால் கொண்டுவந்த பாதங்கள் வாழ்க.

நான் முதலில் பிளாஸ்டிக் காலைத்தான் கொஞ்சினேன்.