யாருடைய பலம்?

பிலோமினாவின் படகு பாறையில் மோதி மோதி உடைந்துகொண்டிருந்தது. அதை இழுக்க டிரெய்லரில் கயிறு சுற்றும் ஒரு வின்ச்சும் இரண்டு பேட்டரிகளும் வந்து சேர்ந்தன.

"நான் ஒருவனே போதும்" என்றது சிவப்பு பேட்டரி. அது எவ்வளவு தம் கட்டியும் வின்ச் முனகியதே தவிர, கயிறு அசையவில்லை.

"உங்க ரெண்டு பேர் வோல்டேஜும் சேர்ந்தால்தான் நான் சுற்றுவேன்" என்றது வின்ச்.

படகில் ஒரு பலகை பிளந்தது. சிவப்பு பதறிப்போய், "வா தம்பி" என்று நீல பேட்டரியை அழைத்தது. பிலோமினா ஒன்றின் பிளஸ்ஸையும் மற்றதன் மைனஸையும் தடித்த கேபிளால் இணைத்து, மீதி இரண்டு முனைகளை வின்ச்சுக்குக் கொடுத்தாள்.

இதுவரை அறியாத ஒரு வேகம் தன் உடம்புக்குள் பாய, சிவப்பு சிலிர்த்துப்போனது. வின்ச் உறுமியது. நீர் சொட்டச் சொட்டப் படகு கரையேறியது.

"அண்ணே, உங்களுக்கு இவ்வளவு பலமா!" என்று வாய்பிளந்தது நீலம்.

அதே கேள்வியைத் தம்பியிடம் கேட்கத்தான் சிவப்பும் வாயெடுத்திருந்தது.