திருஷ்டிப் பொம்மை

ஆர்கிடெக்ட் ஆரூரனின் கார் வந்து நின்றதும் அஜந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சேர், கோவம் தணிஞ்சிருச்சா?"

"என்ன கோவம்?" என்று சிரித்தார் அவர். அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

நாலு மாதத்துக்கு முன் வாசலுக்கு மேலே ஒரு பூவேலை கேட்டாள். "இந்தச் சுவர்ல ஒரு கோடுகூட வராது" என்று சாவியை அவள் கையில் திணித்துவிட்டு, மேசன்மாரையும் கூட்டிக்கொண்டு போனவர்தான். அன்றிலிருந்து வீடு வெறும் சிமெந்துச் சுவராக நிற்கிறது. குடிபுக நல்ல நாள் இரண்டு தவறிவிட்டது. அவளும் புருஷனும் இன்னமும் இரத்தோட்டையில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

"பூ வேணாம் சேர். இனி வாயே தொறக்க மாட்டேன். மிச்ச வேலையை மட்டும் முடிச்சுக் குடுங்க."

ஆரூரன் கேமராவை எடுத்தார்.

"அந்தத் திருஷ்டிப் பொம்மையைக் கழட்டுங்க. போட்டோவுல விழுது."

பழைய சட்டையில் வைக்கோல் திணித்து அவள்தான் சுவரில் கட்டியிருந்தாள்.

"ஐயோ, வேலை முடியாமக் கழட்டக் கூடாது சேர். பால் காய்ச்சுற அன்னைக்குத்தான் கழட்டணும். இல்லாட்டி கண்ணு பட்டுரும்."

அவர் கேமராவை இறக்கினார்.

"வேலை முடிஞ்சு நாலு மாசமாச்சேம்மா! இந்த வெறும் சிமெந்துச் சுவர்தானே டிசைனே! சாவி தந்தேனே. நீங்க இன்னும் குடிவரலையா?"

அஜந்தா வீட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பிறகு ஏணியை இழுத்துச் சுவரில் சாத்தினாள்.

"அப்பக் கழட்டிரலாம் சேர். இந்த வீட்டுக்கு யாரு கண்ணு வைக்கப் போறாங்க?"