யாதகிரிக்கு ஒரு வக்கீல்

அல்வால் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில், சைக்கிள் திருடியதாகச் சொல்லப்பட்ட புது வாட்ச்மேன் யாதகிரி தலைகுனிந்து நின்றார்.

“இந்த ஆள் நமக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம். வேலையை விட்டு நிறுத்தச் சம்மதம்னா கை தூக்குங்க” என்றார் செயலாளர் ஃபெலிக்ஸ்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பத்தாம் வகுப்பு சுபாஸ்ரீ மட்டும் எழுந்து நின்றாள்.

“இவர் எடுத்ததை யாராவது பார்த்தீங்களா?”

“வந்த மறுநாளே காணாமப் போச்சு. வேற யாரு எடுத்திருப்பா?” என்றாள் அடுத்த பிளாக் பத்மப்ரியா, தூக்கிய கையை இறக்காமலே.

“புதுசா வந்தது ஒரு குத்தமா ஆன்ட்டி? நான் படிக்கிற பழைய அமெரிக்க நாவல்கள்ல, ஊரே ஒருத்தனைத் திருடன்னு சொல்லும்போது தனியா எழுந்து சாட்சி கேக்க ஒருத்தர் இருப்பார். நம்ம பிளாட்ல அப்படி யாருமே இல்லையா?”

“நாவல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பறிகொடுத்தவங்களுக்குத்தானே வலி தெரியும்! உன் சைக்கிளா இருந்தா இப்படிப் பேசுவியா?”

“என் சைக்கிள்தான் ஆன்ட்டி.”

யாதகிரி நிமிர்ந்து பார்த்தார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதலில் இறங்கியது, புகார் கொடுத்த அவளுடைய அப்பாவின் கை.