அந்தரத்தில் ராணி

சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோணலாக நின்ற குதிரையை நேராக்கத்தான் ஷெரின் தொட்டாள். நேராக்கத்தான் தொடுகிறேன் என்று முதலில் சொல்ல மறந்துவிட்டாள். “தொட்டுட்டல்ல, நகத்துடி,” என்று எதிரே ஆடிய நிவேதனா நடுவரைக் கூப்பிட்டாள். உலக இளையோர் பதக்கம் போயிற்று. அன்றிலிருந்து ஷெரின் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டுதான் யோசிக்கிறாள். இன்று, வெளியே பனி பெய்யும் ஏதோ ஒரு நகரத்தில், மறுபடியும் ஷெரினோடு ஆடும்போது நிவேதனா அவசரப்பட்டு ராணியைத் தூக்கிவிட்டாள். எந்தக் கட்டத்தில் வைத்தாலும் தோல்வி. வைக்காமல் அந்தரத்திலேயே பிடித்திருக்கிறாள். ராணி கனத்துக்கொண்டே வருகிறது. இடது கையை மெல்ல நீட்டினாள். “டிரா வச்சுக்கலாமா, ஷெரின்?” ஷெரின் கைகளை வெளியே எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். “என்னடி அவசரம்? உனக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு.”