சத்தம் போடாத மோட்டார்

கார் ஷெட் கதவுகளுக்கு மோட்டார் விற்கும் அந்தக் கடைக்குக் கறுப்புக் கண்ணாடியும் மாஸ்க்குமாக வந்தார் அந்த மனிதர். யாரும் தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேஷம். ஆனால் தள்ள வேண்டிய வாசல் கதவை அவர் இழுத்து இழுத்துப் பார்த்ததில், கடைக்காரம்மாவே எழுந்து வந்து திறந்துவிட வேண்டியதாயிற்று.

'கதவு விஷயத்துல நம்ம கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதான்' என்று மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

பூட்டு, ஷட்டர், கடப்பாரை என்றே காலத்தை ஓட்டியவர் அவர். எந்தக் கதவு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இப்படிப் பம்மிப் பம்மி ஒரு கடைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. கிளம்பும்போதே மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். "மாட்டிக்காம போயிட்டு வாங்க. விஷயம் வெளியே தெரிஞ்சா உங்க பேரு சந்தி சிரிச்சுடும். நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

அண்ணன் வீட்டுக்குப் போனாலும் பரவாயில்லை. அந்த மச்சான் சிரிப்பானே, அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

"சொல்லுங்க சார். சங்கிலி மாடலா, பெல்ட் மாடலா?" என்றார் கடைக்காரம்மா.

"எது சத்தம் போடாது?"

"பெல்ட்தான். சங்கிலி மாட்டினா கடகடன்னு தெருவையே எழுப்பிடும்."

"தெரு எழுந்திரிக்கக் கூடாதும்மா. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கக் கூடாது."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேஜைமேல் ஒரு மோட்டாரை எடுத்து வைத்தார். அவர் கைக்குட்டையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தார். எந்தப் பொருளிலும் தன் ரேகை படாமல் பார்த்துக்கொள்வது தொழில் பழக்கம். கடையில் காசு கொடுத்து வாங்கப்போகும் பொருளுக்கு அது தேவையா என்று பாதியில்தான் தோன்றியது. உடனே மூக்கைத் துடைப்பதுபோல் சமாளித்தார். மாஸ்க்குக்கு மேலேயே துடைத்ததில் அதுவும் சொதப்பியது.

"இந்தச் சிவப்புக் கயிறு எதுக்கு?"

"கரண்ட் போயிட்டா உள்ளேயிருந்து இழுத்து, கையால கதவைத் திறந்துக்கலாம்."

"வெளியிலேயிருந்து கம்பியை விட்டு இழுத்தாலும் திறந்துக்குமே?"

"அப்படி யாரு சார் இழுப்பாங்க?"

"இழுப்பாங்கம்மா. அனுபவத்துல சொல்றேன்."

கடைக்காரம்மாவின் முகம் மாறியது. மோட்டாரை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். "இந்தப் பக்கம் கார் ஷெட் வழியா வரிசையா திருட்டு நடக்குது, தெரியுமில்ல? புது இன்ஸ்பெக்டர் வந்து கூட்டமெல்லாம் போட்டாராம். என் வீட்டுக்காரர் போய் நல்லாத் தூங்கிட்டு வந்தாரு."

"அந்த ஆளுக்கு வாய் மட்டும்தான்னு நானும் கேள்விப்பட்டேன்" என்றார் அவர். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாக்கு கேட்டால்தானே.

"ரிமோட்டைக் காப்பி அடிக்க முடியுமா?"

"இந்த மாடல்ல முடியாது. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் உள்ளே இருக்கிற ரகசிய கோட் நம்பர் மாறிடும். பழைய மாடல்லதான் அந்தத் தொல்லை."

"அந்தப் பழைய மாடலை எந்தெந்தத் தெருவுல, யார் யார் வீட்டுக்குப் போட்டிருக்கீங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மோட்டார் வாங்க வந்தவன் கேட்கிற கேள்வியா இது? தனக்கு இந்த ஜென்மத்தில் மாறுவேஷம் ஒத்துவராது என்று அவருக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

"உள்ளே ஸ்டாக் இருக்கான்னு பார்த்துட்டு வரேன், உட்காருங்க" என்று கடைக்காரம்மா பின்னறைக்குப் போனார். குரலில் தேன் சொட்டியது. நைசாக நழுவிவிடலாம் என்று வாசல் பக்கம் திரும்பினார்.

வாசலைக் காணோம். இருந்த இடத்தில் ஷட்டர் முழுசாக இறங்கியிருந்தது. இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. பெல்ட் மாடல் போலிருக்கிறது.

ஓடிப் போய்த் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. நெம்ப ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். விளம்பரத் தாள் கட்டு ஒன்றுதான் அகப்பட்டது. இத்தனை காலம் கட்டிக் காத்த பெயர், கையும் களவுமாக ஒரு மோட்டார் கடையில் பிடிபடப் போகிறது. நாளைக்கு ஊரே சிரிக்கும், மச்சான் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பான். அவமானத்தில் அவருக்குக் காது சூடாகியது.

பின்னறையில் கடைக்காரம்மா, வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து கொண்டு வந்திருந்த நம்பரைப் போனில் அழுத்தினார். மறுமுனையில் எடுத்ததும் மூச்சு வாங்கக் கிசுகிசுத்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், உடனே கிளம்பி வாங்க. அந்தக் கார் ஷெட் திருடனைக் கடைக்குள்ளேயே வச்சுப் பூட்டியிருக்கேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அதே பெருமூச்சு ஷட்டர் பக்கமிருந்தும் கேட்டது.

"நான் வந்து ரொம்ப நேரமாச்சும்மா. கடைசியாத் திருடு போனது என் வீட்டுலதான். ஸ்டேஷனுக்குத் தெரியறதுக்குள்ள இந்த ஷட்டர்ல இருக்கிற மாடலையே எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்க."